ஐந்தை எட்டு என்று எழுதிய நாள்

ஏளா,

நேற்றுக் காலை படகுத்துறையில் ஒரு விசைப்படகின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, எல்லாப் படகும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வருடாந்தர ஆய்வு. அந்தப் படகின் டிரைவர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எட்டுப் புது லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துத் தளத்தில் பரப்பினார். புதுத் துணியும் ரப்பரும் கலந்த அந்த வாடை வெயிலில் குப்பென்று ஏறியது. மூன்று வரை எண்ணியவள் நின்றுவிட்டேன். கூட வந்த அதிகாரி, "மேடம், தல சுத்துதா? மோர் வாங்கியாரச் சொல்லட்டா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். சத்தமாக எண்ணினேன், நீ வைத்த விதிப்படி.

வருகிற புரட்டாசி வந்தால் நீ போய் ஒரு வருடம். இத்தனை நாளாக ஒரு வரிகூட உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் என்று பெரிய காரணம் சொல்ல மாட்டேன். கோபம்தான். என்னை விட்டுவிட்டு முந்திக்கொண்டாயே என்ற கோபம். என் கோபம் உனக்குத் தெரியாததா? நீ என்ன, அதற்குப் பயந்தவளா?

நாம் வேலையில் சேர்ந்த கதையை நீ ஒரு மாதிரிச் சொல்வாய், நான் ஒரு மாதிரிச் சொல்வேன். மீன்வளத் துறையில் ஆய்வாளராக இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டோம். நீ நாசரேத்து; அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார். நான் சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகள். மறுநாளே படகு பார்க்க அனுப்பிவிட்டார்கள். ஒரு படகின் விளிம்பிலிருந்து அடுத்த படகின் விளிம்புக்குத் தாவ வேண்டும். நடுவில் கறுப்பாகத் தண்ணீர். நான் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். நீ முந்தித் தாவி அந்தப் பக்கம் நின்று கை நீட்டினாய்.

"கண்ணத் தொறந்துகிட்டுத் தாவுளா. மூடிக்கிட்டுத் தாவுனா ஆண்டவரே வந்தாலும் புடிக்க முடியாது."

அந்தக் கையைப் பிடித்ததுதான். அதன் பிறகு படகு ஆய்வு என்றால் நம் இரண்டு பேரையும் சேர்த்தே போட்டார்கள். சேர்த்துப் போடாவிட்டால் நான் போய்ச் சண்டை பிடிப்பேன் என்பது அலுவலகத்துக்கே தெரியும்.

அந்தப் பொட்டு விஷயத்தை இன்னும் இங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு படகில் எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்களோ அத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் ஒரு படகை முடித்து இந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கமாக அதே ஜாக்கெட்டுகள் கை மாறிக் கை மாறி நமக்கு முன்னே அடுத்தடுத்த படகுக்குப் போய்விடும். வரிசை முழுக்க ஒரே எட்டு ஜாக்கெட். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நீ ஒருநாள் என் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாய்.

"ஒனக்கு எதுக்குளா பொட்டு? சர்ச்சுல உள்ள விட மாட்டாவ" என்றேன்.

"எனக்கில்ல, சும்மா கெட" என்று சொல்லிவிட்டு, எண்ணுகிற சாக்கில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டைக்குள் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினாய். ஆறு படகு தாண்டி ஏழாவது படகில் அந்தப் பொட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏண்ணாச்சி, இந்தச் சட்டைக்கு யாரு பொட்டு வச்சு அனுப்புனது? கல்யாணம் என்னைக்கு?" என்று கேட்டாய். படகுக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையைச் சொறிந்தார். பின்னால் நின்ற ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ அன்றைக்கு ஒருவர் பேரிலும் எழுதவில்லை. "ஒரு வாரம் கழிச்சு வாரேன். அவனவனுக்குச் சொந்தச் சட்ட இருக்கணும், கேட்டியளா" என்று மட்டும் சொன்னாய். ஒரு வாரத்தில் இருந்தது.

அப்படிப்பட்டவளோடு வேலை பார்த்ததால் எனக்கும் ஒரு திமிர் வந்துவிட்டது. நாம் இருவரும் கவர் வாங்க மாட்டோம். ஆய்வு முடிந்து இறங்கும்போது "கறிக்கு வச்சுக்கிடுங்கம்மா" என்று பையில் போட்டுத் தரும் மீனையும் வாங்க மாட்டோம். எல்லாரும் நம்மைச் சுத்தக்காரிகள் என்றார்கள், கொஞ்சம் கேலியாகவும் கொஞ்சம் மரியாதையாகவும். அந்தப் பெயரை நான் தங்கச் சங்கிலி போல மாட்டிக்கொண்டு திரிந்தேன். நேர்மை என்றால் கை நீட்டாமல் இருப்பது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

படகு பார்ப்பதில் இரண்டு அதிகாரிகளும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வெயிலில் அது யாரால் முடியும்? நாமே ஒரு வழி வைத்துக்கொண்டோம். நீ இஞ்சினையும் நீள அகலத்தையும் பார்ப்பாய். நான் ஜாக்கெட், மிதவை, முதலுதவிப் பெட்டி பார்ப்பேன். பிறகு தாளை மாற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். "நீ எண்ணுனா நான் எண்ணுன மாதிரி" என்பாய். வேலை பாதியில் முடிந்தது. இதில் தப்பு என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் நீயே பிடித்திருப்பாய்.

அந்த அண்ணாச்சியின் படகு நாலாவது வரிசையில் நின்றது. அவரை உனக்கும் தெரியும். என் மகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தபோது, என் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில், தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர். போகிற வழியில் நம்மூர்ப் புதுக்கோட்டைத் திருப்பத்தில் லாரிக்காரனோடு சண்டை போட்டு வழி வாங்கியவர். டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அந்த ஒரு மணி நேரத்தைத் தந்தவர் அண்ணாச்சி.

நீ அடியில் இறங்கி இஞ்சின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மேலே நான் எண்ணினேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. மறுபடி எண்ணினேன், ஐந்துதான். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் பணம் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் பிடித்துக் கடலில் தள்ளியிருப்பேன், சத்தியமாக. அவர் கேட்டது இதுதான்:

"புள்ள நல்லாருக்காளாம்மா? படிக்காளா?"

"நல்லாருக்கா அண்ணாச்சி."

"மூணு சட்ட கொறையுது, தெரியும். தட முடியதுக்குள்ள வாங்கிப் போட்டுருதேன்."

என் கை எட்டு என்று எழுதியது. நீ கையில் கிரீஸோடு மேலே வந்து, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துவிட்டு, தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தைப் போட்டாய். "அடுத்தது எந்தப் போட்டுளா?" என்றாய்.

தடை முடிந்தது. அண்ணாச்சி வாங்கவில்லை. ஏமாற்ற நினைத்தார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். வலை, ஐஸ், டீசல் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றிருக்கும். ஆடிக்காற்று எழும்பிய ஒரு காலை அந்தப் படகின் அடிப்பலகை விட்டுப்போய் கடலில் உட்கார்ந்துவிட்டது. எட்டுப் பேர். பக்கத்துப் படகுகள் வந்து ஏழு பேரைச் சீக்கிரம் தூக்கிவிட்டன. எட்டாவது ஆள் வேம்பார்க்காரர், அறுபதை நெருங்குகிற மனிதர். ஐஸ்பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை மத்தியானத்துக்கு மேல்தான் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் நாம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உனக்கு அது வழக்கமான வேலை. நான் உன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் உதடெல்லாம் வெடித்து, கண் சிவந்து படுத்திருந்தார். நம்மைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நீ தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாய்.

"சட்ட போடலையா பெரியவரே?" என்று கேட்டாய்.

"எங்கன இருந்து போட? மூணு பேருக்கு இல்லம்மா. இருக்குறத எளசுகளப் போடச் சொன்னோம். மத்த ரெண்டு பேரும் கேனப் புடிச்சிக்கிட்டானுவ. எனக்கு மூடிதான் கெடச்சுது. மாதா காப்பாத்துனா."

நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். ஏளா, எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டாய். "எத்தன இருந்துச்சு?"

"அஞ்சு."

"எட்டுன்னு எழுதுன."

"ஆமா."

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "நான் எண்ணலியே, நான் எண்ணாமப் போட்டுட்டனே" என்று உன் கையைத்தான் நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

விசாரணை வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, படகில் இருந்த ஒவ்வொருவரையும், நம் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார் என்று உத்தரவு. நமக்குக் கீழே வேலை பார்த்த ஆட்கள் முதல் நமக்கு மேலே இருந்தவர் வரை எல்லாரும் எனக்கு ஒரே யோசனைதான் சொன்னார்கள். படகே கடலுக்கு அடியில் கிடக்கிறது. எட்டு இருந்ததா, ஐந்து இருந்ததா என்று யார் போய் எண்ணப் போகிறார்கள்? எட்டும் இருந்தது, நாங்கள் பார்த்தோம் என்று நாம் இருவரும் சொல்லிவிட்டால் முடிந்தது. அண்ணாச்சியும் அப்படியே சொல்வார். வேம்பார்க்காரர்? "அவரு பயந்துபோய் ஒளறுதாருன்னு சொல்லிக்கிடலாம். சட்ட இருந்துச்சு, அவரு போடல, அவ்வளவுதான்."

நான் உன்னிடம் கெஞ்சினேன். எனக்கு வேலை போய்விடும், மகளின் மருந்துக்கு இந்தச் சம்பளம்தான், வீட்டுக்காரர் கடை ஓடவில்லை என்று எல்லாவற்றையும் உன் முன்னால் கொட்டினேன். நீ சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"சட்ட இருந்தும் போடலன்னு எழுதுனா அவருக்கு நிவாரணம் கெடைக்காதுளா. அது போகட்டும். சாவப் பாத்துட்டு வந்த மனுசனப் பொய்யனாக்கணும், நாம தப்பிக்கதுக்கு. என்னால முடியாது."

"அப்ப என்னய மாட்டி வுடப் போற."

"நாளைக்கு நீ மொதல்ல உள்ள போ. நான் பேசி ஏற்பாடு பண்ணிட்டேன். நீயே சொல்லிரு. நான் பொறவு போறேன்."

"நீ என்ன சொல்லப் போற?"

"என்னயப் பத்திச் சொல்லப் போறேன்" என்றாய்.

அதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

மறுநாள் முதலில் நான் உள்ளே போனேன். எத்தனை ஜாக்கெட் இருந்தது என்று அந்த அதிகாரி கேட்டார். "எட்டு சார்" என்றேன். எண்ணினீர்களா? "எண்ணினேன் சார்." வேம்பார்க்காரர் வேறு மாதிரிச் சொல்கிறாரே? "அவர் அதிர்ச்சியில் இருக்கிறார் சார்." இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் உன் செருப்பைப் பார்த்தேன். உனக்கு விளங்கிவிட்டது. எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாய்.

கொஞ்ச நேரம்தான் இருந்தாய். வெளியே வந்து என் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போனாய். உடனே என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்திருந்தார். "அம்மா, உங்களிடம் இன்னொரு முறை கேட்கிறேன். எத்தனை இருந்தது?" என்றார்.

நீ சொல்லிவிட்டாய் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தோளைத் தொட்டது அதற்குச் சமாதானம் சொல்லத்தான் என்றும் விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்தேன். இனி மறைத்து என்ன? "அஞ்சு சார்" என்றேன். ஆத்திரத்தில், அழுகையில், எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி, கார், பாளையங்கோட்டை, மகள், எல்லாம். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

எனக்கு மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம், பிறகு இரண்டு ஊதிய உயர்வு வெட்டு. வேலை போகவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு உனக்கு ஒரு ஊதிய உயர்வு நிறுத்தம். வேம்பார்க்காரருக்கு நிவாரணம் கிடைத்தது. அந்த ஒன்றில் மட்டும் என் மனம் நிம்மதியாக இருந்தது. அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் நான் உன்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தாய். நான் உள்ளறையில் இருந்துகொண்டு, அம்மா ஊரில் இல்லை என்று மகளைச் சொல்லச் சொன்னேன். அவள் வாசலில் போய், "அம்மா ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னா அத்த" என்று அப்படியே ஒப்பித்தாள். நீ சிரித்துக்கொண்டே பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். முந்திரிக்கொத்தை நான்தான் தின்று தீர்த்தேன். வெட்கமில்லாதவள்.

அந்த இரண்டு வருடத்தில்தான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். அதுவரை யார் எந்த வரிசைப் படகைப் பார்ப்பது என்று ஒரு வாரத்துக்கு முன்பே அலுவலகத்தில் எழுதி ஒட்டிவிடுவார்கள். படகுக்காரர்களுக்கு அன்றே தெரியும். யாருக்கு யார் வேண்டியவர் என்பதும் தெரியும். நீ மேலே எழுதினாய், திரும்ப எழுதினாய், பெரிய அதிகாரி வந்த நாளில் வாசலில் நின்று கேட்டாய். கடைசியில் சம்மதம் வாங்கினாய். ஆய்வு நாள் காலையில் படகுத்துறையிலேயே, எல்லாரும் பார்க்க, அதிகாரிகளின் பெயரையும் வரிசை எண்ணையும் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எடுத்த வரிசையில் தனக்கு வேண்டியவர் படகு இருந்தால் அந்த அதிகாரி அங்கேயே வாய்விட்டுச் சொல்லிச் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டைப் படகில் இருப்பவர்கள் காதில் விழும்படி சத்தமாக எண்ண வேண்டும், இரண்டு பேரும். சீட்டுக் குலுக்க உன் சாப்பாட்டு டப்பாவையே கொடுத்ததால் அலுவலகத்தில் அதற்கு டிபன் பாக்ஸ் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சட்டத்தில் முதல் தடவை என் பெயர் வந்தபோது என்னோடு உன் பெயரும் வந்தது. எடுத்த வரிசை நாலு. அண்ணாச்சி புதுப் படகு வாங்கி அதே வரிசையில் கட்டியிருந்தார். துறை முழுக்க ஆட்கள். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறந்தேன்.

"இந்த வரிசையில எனக்கு வேண்டியவங்க போட்டு இருக்கு. நான் பாக்கக் கூடாது."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அண்ணாச்சி அங்கேதான் நின்றார். அவர் முகம் சுருங்கும் என்று பயந்து பார்த்தேன். அவரும் பெருமூச்சு விட்டார், ஏளா. "அதான் சரி, வேற ஆள் பாக்கட்டும்" என்றார். அன்றைக்கு என்னிடம் "புள்ள நல்லாருக்காளா" என்று கேட்டது அவருக்கும் எத்தனை நாள் உறுத்தியிருக்குமோ. அந்த ஒரு வாக்கியத்தை முன்னால் சொல்லியிருந்தால் அது அவரை அவமதிப்பதாக இருந்திருக்கும். இப்போது அது விதி. அவரைப் பகைக்காமலே எனக்கு முடியாது என்று சொல்ல ஒரு வழி வந்துவிட்டது.

மத்தியானம் ஐஸ் கம்பெனி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீதான் ஆரம்பித்தாய்.

"காசு வாங்கி எழுதுதவன் கொஞ்சப் பேருதான்ளா. முகதாட்சண்யத்துல எழுதுதவன்தான் நெறைய. அவன மோசமானவம்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவன ஒத்தையில விட்டுறக் கூடாது."

"ஒத்தையில விட்டவ யாரு? நீதான" என்றேன். இரண்டு வருட ஆங்காரம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? பிறகு, அன்றைக்குக் காலையில் நல்லபடியாக நடந்துகொண்ட பெருமையில், நான் மனதைப் பெரிதாக்கிக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"போட்டும்ளா. நீ என்னக் காட்டிக் குடுத்தத நான் மன்னிச்சிட்டேன்."

உன் கை சோற்றில் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தாய். பிறகு, "சரிளா. ரொம்ப சந்தோசம்" என்று சொல்லி, உன் டப்பாவிலிருந்து வறுத்த சீலாத் துண்டு ஒன்றை என் சோற்றின் மேல் வைத்தாய். மன்னிப்புக் கிடைத்ததில் உனக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் அந்த மீனைத் தின்றேன்.

அதன் பிறகு பதினோரு வருடம் நாம் பழையபடி இருந்தோம். உன் சிறுநீரகம் படுத்திய கடைசிக் காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தூர் வெற்றிலை கேட்பாய், டாக்டர் கூடாது என்பார், நான் கால் வெற்றிலை கிழித்துத் தருவேன். "இதுக்கும் சீட்டுப் போடணுமாளா?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைப்பாய். பேச எவ்வளவோ நேரம் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், நீ கண்ணை மூடியிருப்பாய், நான் தொணதொணவென்று பேசுவேன். என் நல்ல மனதைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறேன். "வேற எவளா இருந்தாலும் ஒங்கூடச் சாகுத வரைக்கும் பேசியிருக்க மாட்டா, கேட்டியா" என்று ஒருநாள் சொன்னேன். நீ கண்ணைத் திறக்காமலே, "அது உள்ளதுதான்" என்றாய்.

போன மாதம் பழைய கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உத்தரவு வந்தது. அலுவலகத்தில் இப்போது நான்தான் மூத்தவள், சின்னச் சின்ன விசாரணைகளும் என் தலையில்தான். எதை ஏற்ற வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று நான் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தக் கட்டில் நம் கோப்பு இருந்தது. நான் ஒப்புக்கொண்டுவிட்டதால் அப்போது உன் வாக்குமூலத்தின் நகலை யாரும் எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அது என் மேசையில் கிடந்தது. அரைப் பக்கம்தான்.

இரண்டாவது அதிகாரி என்ற முறையில் நான் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், எண்ணவில்லை, அது என் தவறு என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்வி. முதல் அதிகாரி எட்டு இருந்ததாகச் சொல்கிறார், அது உண்மையா? அதற்கு உன் பதில்:

"நான் எண்ணாததைப் பற்றி நான் சொல்ல முடியாது. அவரையே இன்னொரு முறை கேளுங்கள். முதல் முறை பயத்தில் பேசியிருப்பார். இரண்டாம் முறை உண்மையைச் சொல்வார். எனக்கு அவரைத் தெரியும்."

அதற்குக் கீழே உன் கையெழுத்து. வேறு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அடிப் பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பதினோரு வருடம் நான் உன்னை மன்னித்தவளாக நிமிர்ந்து நடந்தேனே, நீ அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாயே. உனக்கு எவ்வளவு கொழுப்பு! சொன்னால் நான் குன்றிப்போவேன் என்று நினைத்தாயா? நீ சொல்லவில்லை என்று தெரிந்திருந்தால் அந்த இரண்டாம் முறையும் நான் எட்டு என்றே சொல்லியிருப்பேன் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா? அதை எனக்குத் தெரியவிடக் கூடாது என்று நினைத்தாயா? அன்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பியூன் வந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

நீ என்னை மன்னித்துவிடு என்று எழுத இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை. அதை நீ அன்றைக்கே அந்த அரைப் பக்கத்தில் செய்துவிட்டாய். என்னைத் தின்றுகொண்டிருப்பது வேறு. என்னை இரண்டு முறை கேட்கச் சொன்னவள் நீ. "ஏளா, உள்ள போயி நீ என்ன சொன்ன?" என்று உன்னை நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்த அத்தனை நாளிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருக்க மாட்டாய்.

போன வாரம் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். படகு ஏறாமலே ஏறியதாக எழுதிய ஆய்வாளர். இரண்டு பிள்ளைகள், நல்ல மனிதர். ஏறினேன் மேடம் என்றார். நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னார், நான் அன்றைக்குச் சொன்னது போலவே. அவர் மேல் அப்படியே எழுதி அனுப்பியிருக்கலாம், சாட்சி இருந்தது. பேனாவை மூடி வைத்தேன். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், மறுபடி கேட்கிறேன் என்றேன். வந்தார். கேட்டேன். மறுபடியும் ஏறினேன் என்றார். அன்றைக்கு உட்காரவைத்திருந்தால் இன்னும் பொய்தான் வந்திருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன், இன்னொரு முறை கேட்பதற்கு.